சதுரங்கக் கருவியும் வேகாத முட்டையும்

தீவு வானிலை நிலையம்
ஜூன் 5

அன்புள்ள அண்ணி,

இங்கே நான் நலம். நீங்களும் உங்கள் வயிற்றுக்குள் இருக்கிற ஆளும் நலமா? அண்ணன் நலமா என்று கேட்கப் போவதில்லை. இனிமேல் சமையல் தன் பொறுப்பு என்று பெருமையாக எழுதியிருந்தான். அவன் நலமாகத்தான் இருப்பான். அதைச் சாப்பிடுகிற நீங்கள்தான் பாவம்.

ஆகஸ்ட் முதல் வாரம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு ஆளைத்தான் விடுவார்களாம், ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவரை நம்பி உள்ளே போக முடியாது, நீதான் வர வேண்டும் என்று எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வருகிறேன் என்று ஒரே வார்த்தையில் பதில் எழுத ஆசைதான். நடுவில் ஒரு சமையல்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

விஷயம் இதுதான். இங்கே நாங்கள் ஐந்து பேர். வாரம் ஒரு படகு. ஒரு படகில் ஒருத்தருக்குத்தான் லீவு. ஒரே படகை இரண்டு பேர் கேட்டால் அதிகாரி தலையிடவே மாட்டார். காரணம் சொல்லி லீவு கேட்பதும் இங்கே வழக்கமில்லை. சொல்ல விட்டால் எல்லோருக்கும் ஒரு மாமா சாகக் கிடப்பார் என்பதால், எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இதைச் சதுரங்கப் பலகையிடம் விட்டுவிட்டார்கள். ஜெயித்தவர் படகில், தோற்றவர் கரையில். காரணத்தை யாரும் கேட்கக் கூடாது, யாரும் சொல்லக் கூடாது.

ஜூலை கடைசிப் படகை நானும் கேட்டிருக்கிறேன், சமையல்காரரும் கேட்டிருக்கிறார். அவருடைய காரணம் சொல்லாமலே ஊருக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை வேறு யாராவது சமைத்ததைச் சாப்பிட வேண்டும் அவருக்கு. இதுவரை அவரை இங்கே யாரும் ஜெயித்ததில்லை. நான் ஆடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். என் ராஜா எப்போதும் தன் சிப்பாய்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டுதான் சாவார்.

நான் வேலைக்குக் கிளம்பியபோது உங்கள் கடையின் பழைய சாமான் பெட்டியிலிருந்து ஒரு கையடக்கக் கருவியை எடுத்துக் கொடுத்தீர்களே, சதுரங்கம் ஆடுமே, அது என்னிடம் இருக்கிறது என்று சமையல்காரரிடம் சொன்னேன். மனிதர் அசரவே இல்லை. "அதையும் பக்கத்துல வெச்சுக்கோம்மா. அது சொல்றத நீ ஆடு. ரெண்டு பேரும் சேந்து வாங்க, பாத்துக்கலாம்" என்றார்.

ஆளுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் ஆடி முடிக்க வேண்டும். ஆனால் கருவி நன்றாக யோசிக்கிற ஆறாம் படியில் வைத்தால் ஒரு நகர்வுக்குள் என் காபி ஆறிப்போகிறது. நான்காம் படியில் வைத்தால் என்னைப் போல ஆடுகிறது. ஏதாவது செய்ய முடியுமா அண்ணி?

உங்கள்
வாலு


பழுதுபார்க்கும் கடை
ஜூன் 9

வாலுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். இப்போதெல்லாம் வயிறு மேசையில் இடிக்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவள் மாதிரிதான் போன்களைக் கழற்றுகிறேன். வாடிக்கையாளர்கள் போனைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு எனக்கு மருத்துவம் சொல்கிறார்கள்.

உன் கருவிக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை. சோம்பேறி, அவ்வளவுதான். பின்மூடியைக் கழற்றினால் வெள்ளி நிறத்தில் சின்ன டப்பா ஒன்று தெரியும். அதற்குள் ஒரு படிகம் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்புக்குத் தாளம் போட்டுத்தான் கருவி முழுவதும் வேலை செய்கிறது. பேட்டரி சீக்கிரம் தீரக்கூடாது என்று, செய்தவர்கள் மெதுவான படிகத்தை வைத்துவிட்டார்கள். அதை எடுத்துவிட்டு ஒன்றரை மடங்கு வேகமாகத் துடிக்கிற படிகத்தை வைத்தால் அதே மூளை ஒன்றரை மடங்கு வேகமாக யோசிக்கும். எங்கள் தொழிலில் இதற்கு ஓவர்கிளாக் பண்ணுவது என்று பெயர். உன் அண்ணன் பாஷையில் சொன்னால், அடுப்பைக் கூட்டி வைப்பது. அவர் எல்லாவற்றுக்கும் கூட்டித்தான் வைக்கிறார். நேற்று சோறு கறுப்பாக இருந்தது.

பார்சலில் ஒரு குட்டிக் காலுறை இருக்கும். அதற்குள் பஞ்சில் சுற்றிப் படிகத்தை வைத்திருக்கிறேன். பழையதை எடுத்துவிட்டு இதை ஈயம் உருக்கிப் பற்றவைத்துவிடு. பழையதைப் பத்திரமாக வை. காலுறை குழந்தைக்காக வாங்கிய ஜோடியில் ஒன்று. இன்னொன்று என்னிடம் இருக்கிறது. தபாலில் திருப்பி அனுப்பாதே, நேரில் கொண்டுவா.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அம்மா இல்லை. உன் அம்மாவும் போய்விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது வாலு. உன் அண்ணனிடம் சொன்னால் அவர் என்னைவிட அதிகமாகப் பயந்துவிடுவார், அப்புறம் நான் அவரைத் தேற்ற வேண்டியிருக்கும். அதனால் உன்னிடம் சொல்கிறேன். எப்படியாவது வந்துவிடு.

அண்ணி


தீவு வானிலை நிலையம்
ஜூன் 19

அன்புள்ள அண்ணி,

உங்கள் நாத்தனார் இன்றைக்கு ஒரு மெக்கானிக்.

எங்கள் எலக்ட்ரீஷியனிடம் கருவியை நீட்டினேன். உள்ளே பார்த்தவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "இது கொசுவுக்கு ஊசி போடுற வேலை, என்னால ஆகாது" என்றார். அவருடைய ஈயம் உருக்கும் சூட்டுக்கோலின் முனை என் கட்டைவிரல் பருமன். அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, நுனியை மட்டும் வெளியே நீட்டி, கூராக்கிக்கொண்டேன். தினமும் வானிலைப் பலூனுக்கு முடிச்சுப் போடுகிற கைதானே, நடுங்கவில்லை. நடுங்கினது எலக்ட்ரீஷியன். பக்கத்தில் நின்று மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியைப் போட்டு பேட்டரியைச் செருகியதும் முதலில் ஒன்றுமே வரவில்லை. பார்த்தால் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். திருப்பிப் போட்டதும் திரை பளிச்சென்று வந்தது. ஆறாம் படியில் ஆடிப் பார்த்தேன். அண்ணி, காபி சூடாகவே இருந்தது. கருவி நகர்வைச் சொல்லிவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

ஒரு சங்கடம். அரை மணி நேரத்தில் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது. என்ன செய்ய?

போட்டி ஜூலை இரண்டாம் தேதி. சமையல்காரர் தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வாலு


பழுதுபார்க்கும் கடை
ஜூன் 23

வாலுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். செம்புக் கம்பி சுற்றின இடத்தில் நிறுத்தி, "அவ யாரோட தங்கச்சி" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இந்த மனிதர் போன வாரம் பல்ப் மாற்ற என்னைக் கூப்பிட்டவர்.

வேகமாக ஓடுகிறவனுக்கு வியர்க்காமல் இருக்குமா? சூடு வரத்தான் செய்யும். தட்டையான உலோகப் பாத்திரத்தில் ஐஸ் போட்டு மூடி, மூடிமேல் கருவியை வை. நடுவில் ஒரு துணி இருக்கட்டும், ஈரம் உள்ளே போனால் கதை முடிந்தது. ரொம்பச் சூடானால் திரை அப்படியே உறைந்துபோகும். பயப்படாதே. பேட்டரியைக் கழற்றி ஆறவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

உள்ளே இருக்கிற ஆள் இப்போது நன்றாக உதைக்கிறார். குதிரை நகர்வுதான். இரண்டு நேராக, ஒன்று பக்கவாட்டில்.

அண்ணி


தீவு வானிலை நிலையம்
ஜூலை 3

அண்ணி, ஜெயித்துவிட்டேன்.

படகு கிளம்பப் போகிறது, நின்றுகொண்டே எழுதுகிறேன். நடந்தது இவ்வளவுதான். சதுரங்கத்துக்கென்று இருக்கிற இரட்டைக் கடிகாரம் எங்களிடம் கிடையாது. சமையலறைக் கடிகாரமும் பேட்டரி இல்லாமல் நின்று கிடக்கிறது. கருவிக்குள்ளேயே இரண்டு பக்கத்துக்கும் கடிகாரம் இருப்பதால் அதையே வைத்துக்கொண்டோம். ஐஸ் கொடுத்தது சமையல்காரர்தான். என்னைத் தோற்கடிக்க உட்கார்ந்தவர், என் கருவிக்கு விசிறாத குறை.

உண்மையைச் சொன்னால் பலகையில் அவர் கைதான் ஓங்கியிருந்தது. என்னிடம் ஒரு யானை குறைவு. ஆனால் அவர் தாடியைத் தடவித் தடவி யோசிக்கிற ஆள். தடவிக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. "அதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆயிடுச்சா? இப்பதானே உக்காந்தேன்" என்று திகைத்துப் போனார். அப்புறம் எழுந்து கை கொடுத்தார்.

கடைசிப் படகு என்னுடையது. காலுறையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாலு


பழுதுபார்க்கும் கடை
ஜூலை 7

வாலுக்கு,

படித்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. உன் அண்ணன் கொண்டாட்டமாகப் பாயசம் வைத்தார். அதைக் கரண்டியால் எடுக்க முடியவில்லை, கத்தி தேவைப்பட்டது. ஆனாலும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தின்றோம்.

தின்று முடித்துப் படுத்த பிறகு ஒரு விஷயம் உறுத்தியது. உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். எந்தக் கடிகாரத்தில் நேரம் பார்த்தீர்கள் என்று எழுதியிருக்கிறாய்?

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தொழில் தெரிந்தவள் மறந்துவிட்டேன். அந்த மாதிரி மலிவான கருவியில் கடிகாரத்துக்கென்று தனிப் படிகம் வைக்க மாட்டார்கள். யோசிப்பதும் மணி காட்டுவதும் அதே படிகம்தான். மூளை ஒன்றரை மடங்கு வேகமானால் கடிகாரமும் ஒன்றரை மடங்கு வேகமாக ஓடும். அது ஒரு மணி என்று காட்டும்போது நிஜத்தில் நாற்பது நிமிடம்தான் ஆகியிருக்கும். கருவிக்கு யோசனையும் நேரமும் சேர்ந்தே ஓடியதால் அதற்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நேரம் பறிபோனது தாடிக்காரருக்கு மட்டும்தான்.

என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது. நீ வர வேண்டும் என்று எவ்வளவு ஆசையோ, அந்த மனிதரின் இருபது நிமிடத்தைத் திருடிக்கொண்டு வர வேண்டாம் என்பதும் அவ்வளவு. இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்தேன்.

அண்ணி


தீவு வானிலை நிலையம்
ஜூலை 10

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் இன்று படகில் வந்தது. அதற்கு முந்திக்கொண்டு நேற்றே முட்டை வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

தோற்றாலும் சமையல்காரருக்குக் கருவியின்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. காலையில் வந்து, "அந்தக் கெட்டிக்காரனக் கொஞ்சம் குடும்மா, முட்டைக்கு மணி பாக்கணும். சமையலறைக் கடிகாரம் செத்துக் கிடக்கு" என்று வாங்கிக்கொண்டு போனார். பத்து நிமிடம் எண்ணி இறக்கியிருக்கிறார். சாப்பாட்டு அறையில் அதிகாரி தன் முட்டையைக் கத்தியால் இரண்டாக வெட்டினார். மஞ்சள் கரு வழிந்து அவருடைய வெள்ளைச் சட்டையிலும், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய மழைக் கணக்கிலும் ஓடியது. எலக்ட்ரீஷியனுடையதும் அப்படியே. என்னுடையதும் அப்படியே.

சமையல்காரர் தன் முட்டையையும் வெட்டிப் பார்த்தார். கருவியைத் தூக்கிக்கொண்டு நேராக அதிகாரியின் அறைக்குப் போனார். அங்கே சுவரில் இருக்கிற அரசாங்கக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லோரும் பின்னால் நின்றோம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"எனக்குத் தெரியாது, சத்தியமா" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா முட்டைக்குக் குடுத்திருப்பியா" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதிகாரியும் சட்டையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஆட்டம் செல்லாது என்று நானே சொன்னேன். இருபத்தெட்டாம் தேதி மறுபடி ஆடுகிறோம். கருவி வேகமாகவே இருக்கட்டும், ஆனால் மணி பார்ப்பது சமையலறைக் கடிகாரத்தில் என்று முடிவு. இன்றைய படகில் அதற்குப் பேட்டரி வந்துவிட்டது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து என்னிடம் காட்டுகிறார் அந்த மனிதர்.

காலுறையைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

வாலு


பழுதுபார்க்கும் கடை
ஜூலை 14

வாலுக்கு,

முட்டைக் கதையைப் படித்துச் சிரித்த சிரிப்பில் உள்ளே இருக்கிற ஆள் விழித்துக்கொண்டுவிட்டார். இவ்வளவு சிரிக்கக் கூடாது என்று உன் அண்ணன் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டார். டாக்டரும் சிரித்தாராம்.

ஒரு நல்ல சேதி கவனித்தாயா? இனி கருவிக்கு நிஜமாகவே லாபம். மணி வேறு கடிகாரத்தில் ஓடுவதால், அதே ஒரு மணி நேரத்துக்குள் அது ஒன்றரை மடங்கு யோசிக்கும். போன தடவை நமக்குக் கிடைக்காதது இந்தத் தடவைதான் கிடைக்கப் போகிறது.

தோற்றாலும் பரவாயில்லை என்று எழுத உட்கார்ந்தேன். பொய் சொல்ல வரவில்லை. ஜெயித்துவிட்டு வா.

அண்ணி


பழுதுபார்க்கும் கடை
ஜூலை 27

வாலுக்கு,

போன படகில் உன் கடிதம் இல்லை. தபால்காரர் மூட்டையைக் கவிழ்த்தே காட்டிவிட்டார். கோபமில்லை, கவலைதான். கால் வீங்கிவிட்டது, செருப்பு நுழையவில்லை, கடையை மத்தியானமே மூடிவிடுகிறேன். உன் அண்ணன் பிரசவ அறைக்குள் வருவதற்கு ஒத்திகை பார்க்கிறார். நேற்று டிவியில் ஊசி போடுகிற காட்சி வந்தது. ஒத்திகை அங்கேயே முடிந்தது. சோபாவில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

ஒரு வரி எழுது.

அண்ணி


ஜூலை 31

அன்புள்ள அண்ணி,

உங்கள் இருபத்தேழாம் தேதிக் கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. அதற்கு முன்னால் எழுதாததற்குக் காரணம், ஆடி முடிக்காமல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது முழுசாக எழுதுகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி, சாப்பாட்டு அறை. மேசையின் ஒரு பக்கம் பலகை, மறுபக்கம் ஐஸ் பாத்திரம், அதன்மேல் துணி, துணிமேல் நம் கருவி. சுவரில் சமையலறைக் கடிகாரம். அதிகாரி பக்கத்தில் நின்று இரண்டு பேரின் நேரத்தையும் குறித்துக்கொண்டார். இந்தத் தடவை கருவி பிரமாதமாக ஆடியது. சமையல்காரரின் தாடி இருந்த இடத்தில் இருக்கவில்லை. ஒரு சிப்பாய் எனக்கு அதிகம். அவர் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

அப்போது கருவி உறைந்துபோனது.

ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. திரையில் கடைசி நகர்வு அப்படியே நின்றது. பேனாவால் தட்டினேன், அசையவில்லை. பேட்டரியைக் கழற்றி ஆறவைக்க என்னிடம் நேரம் இல்லை. எதிரே சமையல்காரர் எனக்காகக் காத்திருக்கிறார். திரை என் பக்கம் திரும்பியிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணி, எனக்கு அழுகை வந்தது. உங்கள் கால் வீக்கம் தெரியாமலே உங்கள் கால்தான் ஞாபகத்துக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, செத்துப்போன திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். சரி என்கிற மாதிரித் தலையாட்டினேன். ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. எனக்குத் தெரிந்த பாதுகாப்பான நகர்வு அது ஒன்றுதான்.

சமையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிப்பாயைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யோசித்தார், யோசித்தார், அப்படி யோசித்தார். கடைசியில் தன் குதிரையைப் பின்னால் இழுத்து அந்த மூலையைக் காவல் காக்க வைத்தார். நான் மறுபடி திரையைப் பார்த்தேன், மறுபடி தலையாட்டினேன், அதே சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளினேன். அவர் யானையையும் கூப்பிட்டுக்கொண்டார். ஒரு ஓரத்துச் சிப்பாய்க்கு அவ்வளவு பெரிய பந்தோபஸ்து. இதற்குள் நடுவில் என்னிடம் அதிகமாக இருந்த சிப்பாய்க்கு வழி காலியாகிவிட்டது. அதை நடத்திக்கொண்டே போனேன். அவர் திரும்பிப் பார்க்கும்போது அது ராணியாகிவிட்டது. தன் ராஜாவைத் தானே படுக்கவைத்தார்.

"என்ன மெஷின்டா இது. அந்த ஓரத்துச் சிப்பாய்ல என்ன திட்டம் வெச்சிருந்துச்சு?" என்று கேட்டார்.

கருவியைத் திருப்பிக் காட்டினேன். அசையாத திரையைத் தட்டிப் பார்த்தார். எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போ நான் இவ்வளவு நேரம் பயந்தது உன்னப் பாத்தா?" என்றார். அதிகாரி சிரித்ததில் அவர் போட்டிருந்த நேரக் கணக்குத் தாள் கீழே விழுந்தது.

ஜெயித்த பிறகு காரணம் சொல்வதில் தப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். சமையல்காரர் என் தலையில் குட்டினார். "முன்னாடியே சொல்லியிருந்தா பலகையே எடுத்திருக்க மாட்டேன்" என்றார். அதனால்தான் சொல்லவில்லை என்றேன். உங்களுக்கென்று அவித்த முட்டைகளைத் துணியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். சரியாக வெந்தவை, அரசாங்கக் கடிகாரம் சாட்சி. பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். வேறு யாராவது சமைத்தது எதுவானாலும் சரி, ஒரு டப்பா அனுப்ப வேண்டுமாம். அண்ணன் சமைத்ததை அனுப்பினால் அவருக்குத் தன் சமையல்மேல் பிரியம் வந்துவிடும்.

உறையில் ஸ்டாம்ப் இல்லாததைக் கவனித்தீர்களா? ரிப்பேருக்கு என்று நம் சதுரங்கக் கருவியோடு சேர்த்துக் கட்டி இதை உங்கள் மேசைக்கு அனுப்பினது நான்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் பாருங்கள்.

வாலு


வீட்டுக் கதவில்
ஆகஸ்ட் 3

வாலு,

நீ காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து வலி தொடங்கிவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வலி வந்தால் கிளம்பி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். உன் அண்ணன் ரொம்பப் பொறுப்பாக மணி பார்த்தார். "பன்னெண்டு நிமிஷம் ஆகுது, இன்னும் டைம் இருக்கு, பதறாத" என்று என்னைத் தேற்றிக்கொண்டே இருந்தார். வலி அப்படிச் சொல்லவில்லையே என்று திரும்பிப் பார்த்தால், அவர் கையில் உன் கருவி. படிகத்தை மாற்றாமல் போட்டுவைத்தது என் தப்பு. பன்னிரண்டு இல்லை, எட்டு. முட்டையை நினைத்துக்கொண்டேன், வலியோடு சிரிப்பும் வந்துவிட்டது. சொன்னதும் மனிதர் ஒற்றைச் செருப்போடு வண்டி பிடிக்க ஓடியிருக்கிறார்.

வண்டி வந்துவிட்டது. காய்கறியைப் போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வா. உள்ளே துணைக்கு வருகிறவர் யார் என்று ஆஸ்பத்திரியில் முன்பே கேட்டிருந்தார்கள், உன்னைத்தான் சொல்லியிருக்கிறேன். மறக்காமல் அந்தக் காலுறையை எடுத்துக்கொள், இன்னொன்று என் பையில் இருக்கிறது.

எனக்குப் பயமே இல்லை. சீக்கிரம் வா, அத்தை.